மனச்சோர்வு மாத்திரைக்கு "ஸ்டாக் இல்லை" என்ற பதில் வேண்டாம்: குமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், மாவட்ட சுகாதார அலுவலர், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் ஆகியோருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கைக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாள்பட்ட மனச்சோர்வுக்காக அரசு மருத்துவமனைகளில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு, அந்த மாத்திரை ஒரு நாள்கூட இடையில் நின்றுபோகக் கூடாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அப்படி நிற்காமல் பார்த்துக்கொள்ள இந்த மாநிலத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் ஊருக்கும் வருகிறது. வயதானவர்கள் வீட்டு வராந்தாவில் இருந்தபடியே பி.பி. பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிற நாங்கள் பஸ் ஏறிப் போய், ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்து வரிசையிலும் நின்று, கடைசியில் "இது ஸ்டாக் இல்லை, வெளிய வாங்கிக்கிடுங்க" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நான் போகிற இடத்தில் நடக்கிறது. எனக்குத் தெரிந்த பலருக்கும் நடந்திருக்கிறது.

நான் பல ஆண்டுகளாக எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவள். காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பதே பெரும் பாடாக இருந்த காலத்திலிருந்து என்னை வெளியே கொண்டுவந்ததில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் கவுண்டர் விஷயம் எனக்கு உயிர் விஷயமாகத் தெரிகிறது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் நின்றது ஓர் அண்டி ஆபீஸ் (முந்திரித் தொழிற்சாலை) அக்கா. முந்திரித் தோடு உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருந்தது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த மாத்திரை இல்ல, ஃப்ளூக்ஸெடின் இருக்கு, எல்லாம் ஒண்ணுதான், கொண்டு போங்க" என்றார். அந்த அக்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. டாக்டரிடம் திரும்பக் கேட்கலாம் என்று போனால் மனநல ஓ.பி. முடிந்து டாக்டர் கிளம்பிவிட்டார். அக்கா சீட்டை நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். என் கையில் பணம் இருந்தது, நான் மெடிக்கல்ஸில் வாங்கினேன். அவர் வாங்கவில்லை என்பது அடுத்த முறை பார்த்தபோதுதான் தெரிந்தது. நடுவில் என்ன நடந்தது என்றும் அவரே சொன்னார். நாலைந்து நாளில் தலைச்சுற்றல். திரும்பிப் பார்த்தால் தலைக்குள் கரண்டு அடித்த மாதிரி ஒரு வெட்டு. ராத்திரி கண்ட கண்ட கனவு, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது. வீட்டுக்காரர் சொன்னாராம்: "பாத்தியா, மாத்திரைக்கு அடிமையாயிட்ட. இனி அதைத் தொடாத."

அந்த அக்காவுக்கு நடந்தது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான். மாத்திரையைத் திடீரென்று விட்டால் உடம்பும் மூளையும் அந்த மாற்றத்துக்குத் தடுமாறுகின்றன. சாராயம் மாதிரி மேலும் மேலும் கேட்க வைக்கும் அடிமைத்தனம் இது இல்லை. படிப்படியாகக் குறைத்திருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம். எல்லா மாத்திரைக்கும் இது ஒரே மாதிரி வருவதும் இல்லை. வென்லாஃபாக்ஸின், பராக்ஸெட்டின் போன்றவை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும்; ஓரிரு நாள் தவறினாலே தெரிந்துவிடும். ஃப்ளூக்ஸெடின் வாரக்கணக்கில் தங்கும், அதனால் சற்று மெதுவாகத்தான் காட்டும். ஆகவே "எல்லாம் ஒண்ணுதான்" என்று கவுண்டரில் மாற்றிக் கொடுக்கிற மருந்துகள் இல்லை இவை. கம்பெனி மாறினால் பரவாயில்லை. மருந்தே மாறினால், எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து, பழையதை எப்படிக் குறைப்பது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

இந்தத் தடுமாற்றம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், நோய் திரும்பி வருவது. பிரிட்டனில் நடந்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வை உங்கள் மருத்துவர்கள் அறிந்திருப்பார்கள். நீண்ட காலமாக மாத்திரை சாப்பிட்டு, இனி நிறுத்திப் பார்க்கலாம் என்று தோன்றும் அளவுக்கு நன்றாக இருந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு மாத்திரையைத் தொடர்ந்தது. மற்றதற்குச் சிறிது சிறிதாகக் குறைத்து, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்திய பிறகும் நன்றாக இருந்தவர்கள் உண்டு என்பதையும் இந்தக் கணக்கு சொல்கிறது. அதைப் பிறகு பேசுகிறேன். இப்போது நான் கேட்பது இதுதான்: நன்றாக இருந்து, நிறுத்திப் பார்க்கத் தானே சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மெதுவாக நிறுத்தியவர்களுக்கே பாதிப்பேருக்கு மேல் திரும்பியது என்றால், இன்னும் முழுதாகத் தேறாமல், ஸ்டாக் இல்லை என்ற காரணத்துக்காக ஒரே நாளில் நின்றுபோகிறவர்களின் கதி என்ன?

இது நான் கெஞ்சிக் கேட்கிற சலுகை இல்லை என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 18-வது பிரிவு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார மையத்திலிருந்து மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், மனநோய் உள்ள எல்லோருக்கும், எல்லா நேரங்களிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று சொல்கிறது. எல்லா நேரங்களிலும் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி பெரியவர்களில் 2.7 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் மனச்சோர்வு இருந்தது. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்ட மக்கள்தொகை 18.7 லட்சம். பெரியவர்கள் மட்டும் 13 லட்சம் என்று வைத்தாலும் ஏறத்தாழ 35,000 பேர். அதே ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் சிகிச்சையில் இல்லை என்றும் சொன்னது. ஊர் வாயையும் வீட்டு வாயையும் தாண்டி வைத்தியத்துக்கு வந்து சேர்வதே மிச்சம் உள்ள பதினைந்து பேர்தான். அந்தப் பதினைந்து பேரையும் கவுண்டரில் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

மருந்து ஏன் தீர்கிறது என்பதை உங்களைவிட எனக்கு அதிகம் தெரியாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் உருவானதிலிருந்து அரசு மருந்துக் கொள்முதலுக்கு நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்படுவது. அப்படிப்பட்ட ஏற்பாடு இருந்தும் கவுண்டரில் இல்லை என்றால், எங்கோ தேவைப்பட்டியல் குறைவாகப் போகிறது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. ஸ்டாக் இல்லாத மாதத்தில் மருந்து செலவாகாது. செலவாகாததைத் தேவை இல்லை என்று கணக்கில் எடுத்துக்கொண்டால் அடுத்த முறை இன்னும் குறைவாகத்தான் வரும். ஆகவே எவ்வளவு கொடுத்தோம் என்பதோடு, எத்தனை பேரைக் கொடுக்காமல் திருப்பினோம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எஸ்சிடலோபிராம், ஃப்ளூக்ஸெடின், செர்ட்ராலின், அமிட்ரிப்டிலின், மிர்டாஸபின் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. இருப்பு ஒரு மாதத்துக்குக் கீழே போனதும் பக்கத்து மருத்துவமனையிலிருந்து வாங்குவதோ, உள்ளூரில் கொள்முதல் செய்வதோ தொடங்கிவிட வேண்டும். தீர்ந்த பிறகு தொடங்கினால் எங்களுக்கு அது காலம் கடந்த உதவி.

அப்புறம், எத்தனை நாளுக்குக் கொடுப்பது என்ற கேள்வி. நம் மாவட்டத்து வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கத்து ஆண்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் ஒரு மாதத்துக்கும் மேலே ஆகும் கரை திரும்ப. கொச்சியிலிருந்து போவார்கள், குஜராத் பக்கம்கூடப் போவார்கள். அப்படிப்பட்டவருக்கு 15 நாள் மாத்திரையோ ஒரு மாத மாத்திரையோ கொடுத்தால் மிச்ச நாளுக்கு அவர் என்ன செய்வார்? நடுக்கடலில் மெடிக்கல்ஸ் இல்லை. மருந்து நின்ற தலைச்சுற்றலோடு ஆடும் படகின் விளிம்பில் நின்று வலை இழுப்பது எவ்வளவு ஆபத்து என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் கடலில் இருக்கும்போது மனைவி சீட்டை எடுத்துக்கொண்டு வந்தால், "ஆளை நேர்ல கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். ஆள் அரபிக்கடலில் இருக்கிறார், அந்த மனைவி எப்படிக் கூட்டி வருவார்?

2004 சுனாமியில் குளச்சல், மணக்குடி, கொட்டில்பாடு பக்கம் நூற்றுக்கணக்கானவர்களை இழந்த மாவட்டம் இது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. கடலுக்குப் போனவர்கள் பலர் வரவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்தத் துயரத்துக்கெல்லாம் மாத்திரைதான் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். இழப்புக்கு அழுவது நோய் இல்லை. அழட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். இலேசான சோர்வுக்குப் பேச்சு வழி சிகிச்சையே முதலில் போதும் என்றுதான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் வருடக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், குற்ற உணர்ச்சியிலும் வெப்ராளத்திலும் (மனப் பதற்றத்திலும்) கிடந்து, வேலைக்குப் போக முடியாமல் ஆனவர்களுக்கு மாத்திரை ஒரு கைப்பிடி. அதைப் பிடித்து எழுந்தவர்கள் அந்தக் கடற்கரைகளில் இருக்கிறார்கள்.

மலைப்பக்கமும் அப்படித்தான். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகள் விடியும் முன்னே தோட்டத்தில் இருக்க வேண்டும். ராத்திரி தாமதமாக அமிட்ரிப்டிலின் சாப்பிட்டால் காலையில் கண் திறக்காது. கையில் வெட்டுக்கத்தி இருக்கிறது. மாலை ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள், அல்லது வேறு மருந்து பார்க்கலாம் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தொடர்ந்து சாப்பிடுவார். சொல்லாவிட்டால் வேலையைக் காப்பாற்ற மாத்திரையைத்தான் விடுவார். ஓ.பி. கூட்டத்தில் டாக்டருக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நன்றாக இருப்பவர்களை மாதா மாதம் வரவழைக்காதீர்கள் என்கிறேன். அவர்களுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால், புதிதாக வருகிறவரோடு பேச டாக்டருக்கு நேரம் கிடைக்கும். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருக்கும் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை வந்து போவது எவ்வளவு தூரம் என்று நீங்களே அறிவீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அவர்கள் தொடர் மாத்திரையை வாங்கிக்கொள்ள வழி செய்யுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் அதைக் காரணம் காட்டி மறுக்க வேண்டாம். எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று மாதம் கொடுக்க முடியாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவரின் கையில் மொத்தமாக மாத்திரை இருப்பது ஆபத்து. அதுவும் அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் அளவு மீறினால் இதயத்தைப் பாதித்து உயிரையே எடுக்கும். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் வகை அந்த விதத்தில் ஓரளவு பாதுகாப்பானவை. யாருக்கு ஒரு வாரம், யாருக்கு மூன்று மாதம், யாருடைய மாத்திரை வீட்டில் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும் என்பதை டாக்டர் சீட்டிலேயே எழுதட்டும். கவுண்டர் அதன்படி கொடுக்கட்டும். இதுவரை ஒரே அளவுகோலில் எல்லோருக்கும் கொடுத்து, கடலுக்குப் போகிறவருக்குப் போதாமலும், கவனிக்க வேண்டியவருக்குக் கவனம் இல்லாமலும் போகிறது.

கவனம் அதிகம் தேவைப்படுவது முதல் சில வாரங்களில். நிறையப் பேர் அங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிட்ட அன்றைக்கே மனசு லேசாகிவிடும் என்று நினைத்து வருகிறார்கள். உண்மையில் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் கொஞ்சம் தெரியும். முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகும். அதற்குள் குமட்டல், தலைவலி, தூக்கம் கெடுவது, ஒரு படபடப்பு எல்லாம் முந்திக்கொண்டு வரும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று விட்டுவிடுவார்கள். இன்னும் சில உண்டு, தாம்பத்ய ஆசை குறைவது போன்றவை; கேட்க வெட்கப்பட்டே பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று நெருக்கமாகப் பார்க்க வேண்டும். எனவே புதிதாக மாத்திரை தொடங்குகிறவருக்கு ஒரு வாரத்திலும் மூன்றாவது வாரத்திலும் மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஒரு போன் வரட்டும். அவசரத்துக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. அதை ஓ.பி. சீட்டில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.

முதல் மாத்திரையிலேயே எல்லோரும் தேறிவிடுவதும் இல்லை. அமெரிக்காவில் நடந்து 2006-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், முதல் மருந்தில் முழுதாகத் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு அளவைக் கூட்டவோ, மருந்தை மாற்றவோ, பேச்சு சிகிச்சையைச் சேர்க்கவோ வேண்டியிருந்தது. தைராய்டு குறைபாடு இருக்கிறதா, இதற்கு முன் காரணமில்லாத அளவுக்கு மீறிய உற்சாகம் வந்ததுண்டா, குடிப்பழக்கம் இருக்கிறதா என்று திரும்பப் பார்ப்பதும் அப்போதுதான் தேவை. இத்தனைக்கும் அடிப்படை, அவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்பது. ஸ்டாக் இல்லாமல் பாதி நாள் சாப்பிட்டவரைப் பார்த்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று அளவைக் கூட்டினால் அது யாருக்கும் நியாயம் இல்லை.

நிறுத்துவதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். வாழ்நாள் முழுக்க எல்லோரும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முதல் முறை வந்து தேறியவர்கள் அதன் பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்து, பிறகு குறைக்கலாம். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும். பத்து வருடமாக ஒரே சீட்டை "ரிப்பீட்" போட்டு வாங்கிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். நிறுத்துவது நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கிற முடிவாக இருக்கட்டும். அந்த முடிவை ஸ்டாக் ரிஜிஸ்டர் எடுக்கக் கூடாது. ஜெபக்கூட்டத்திலோ குறி கேட்கிற இடத்திலோ யாரோ சொல்லும் வார்த்தையும் எடுக்கக் கூடாது. நம் மாவட்டத்தில் கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் இல்லாத தெரு கிடையாது. அங்கே போய் ஆறுதல் கிடைக்கிறவர்கள் ஏராளம், நானும் போகிறவள்தான். ஆனால் "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு" என்று சொல்லக் கேட்டு மாத்திரையை ஓடையில் போட்ட குடும்பங்களை நான் அறிவேன். ஆட்சியர் அவர்கள் சர்வமதத் தலைவர்களை அழைத்துப் பேசும் கூட்டங்களில், மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை மருத்துவருக்கு மட்டும்தான் என்ற ஒரு வேண்டுகோளையும் சேர்த்து வையுங்கள். பலர் கேட்பார்கள்.

கடைசியாக, வீடு தேடி மாத்திரை வரும் விஷயம். மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்களையும் சேருங்கள் என்று கேட்கிறேன், ஆனால் விருப்பம் கேட்டுச் சேருங்கள். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்கா எங்கள் ஊர்க்காரர். எல்லோரையும் அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் அவரைத் தெரியும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டு வாசலில் மனநல மாத்திரை என்று எழுதிய கவர் வந்தால் அந்த வீட்டில் யாரும் இனி மாத்திரை வாங்க மாட்டார்கள். சர்க்கரை மாத்திரை வருகிற அதே சாதாரணக் கவரில், மேலே எதுவும் எழுதாமல் வரட்டும். வீட்டுக்கு வேண்டாம் என்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கட்டும், ஊரில் யார் கண்ணிலும் பட வேண்டாம் என்பவர் தக்கலையிலோ குழித்துறையிலோ ஆசாரிபள்ளத்திலோ வாங்கட்டும். கவுண்டரில் மாத்திரையின் பெயரையோ "மெண்டல் ஓ.பி." என்றோ சத்தம் போட்டுக் கூப்பிடாமல் டோக்கன் எண்ணைச் சொன்னால் போதும். அதற்கு ஒரு பைசா செலவில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

மற்றவற்றுக்கு நாள் ஆகும் என்பது புரிகிறது. அடுத்த தேவைப்பட்டியல் மாவட்டத்திலிருந்து கிளம்பும் முன், ஒவ்வொரு அரசு மருத்துவமனை மருந்தகத்திலும் மேலே சொன்ன ஐந்து மருந்துகளின் இருப்பையும், கடந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்பதையும் ஒரு முறை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விவரத்தை மருந்தகக் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். மருந்து இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு பஸ் ஏற, ஒரு போன் எண்ணையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்திலிருந்து, உங்கள் மருந்து வரிசையில் நிற்கும் ஒருத்தி